எழுபது புள்ளி ஏழு சதவீதம்

சிவப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் தாமோதரன் சார். சாப்பாட்டுக்குப் போகிற வழியில் டைம் ஆபீஸ் கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, உள்ளே வராமலே, "ஜெசிந்தா, அந்தப் பெரிய துண்டு செவப்பா இருக்கு பாருங்க, அதுக்குப் பச்சை வைங்கம்மா, செவப்பா இருந்தா வர்றவங்க கண்ணு நேரா அங்கதான் போகும்" என்றார். மில் மேனேஜர் பச்சை என்றால் பச்சைதான், தலையை ஆட்டிவிட்டுக் கணினியில் இருந்த விபத்து வட்டப்படத்தின் மேல் இரண்டு முறை அழுத்தினேன், திரையின் வலது பக்கம் ஒரு பட்டை திறந்துகொண்டது, என்ன பச்சை, கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, ஆஸ்பத்திரிச் சுவரில் பாதி உயரத்துக்கு அடிக்கிற பச்சையா, ஏழெட்டுப் பச்சை வரிசையாக நிற்கிறது, ஒவ்வொன்றாகத் தொடத் தொடத் துண்டு நிறம் மாறிக் காட்டுகிறது, கடைசியில் வெளிறிப்போன ஒன்றில் நின்றேன். எழுபது புள்ளி ஏழு சதவீதம், தொழிலாளர் கவனக்குறைவு. பன்னிரண்டு புள்ளி இரண்டு, இயந்திரப் பழுது. ஒன்பது புள்ளி எட்டு, தரை வழுக்கல். ஏழு புள்ளி மூன்று, மற்றவை. ஒரு வருஷத்தில் இந்த மில்லில் நாற்பத்தொரு விபத்து, நாற்பத்தொன்றும் ஒரு வட்டத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கின்றன, பார்க்க அழகாகக்கூட இருக்கிறது. மணி ஒன்று இருபது. மூன்றரைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், எங்கள் நூலை வாங்குகிற கம்பெனியின் ஆள், ஒரு அம்மா என்று சொன்னார்கள், அவர் பார்த்துச் சரி என்று எழுதினால்தான் ஆர்டர் தொடரும். போன ஜூனில் சேஃப்டி ஆபீசர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அந்த நாற்காலியும் என் தலையில்தான், நான் வேலைக்குச் சேர்ந்ததென்னவோ வருகைப் பதிவும் விடுதி அறையும் பார்க்க. விபத்துப் பதிவேட்டைப் பேப்பரிலிருந்து ஆன்லைன் ஷீட்டுக்கு மாற்றியது நான், தேதி, பெயர், மெஷின் எண், காயம், காரணம் என்று கட்டம் பிரித்தது நான், காரணத்தைக் கையால் அடித்தால் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள் என்று அம்புக்குறியை அழுத்தினால் நான்கு காரணம் கீழே விரிகிற மாதிரி பட்டியல் போட்டுவைத்ததும் நான். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது கவனக்குறைவு. ஏன் அதை முதலில் வைத்தேன்? யோசித்துப் பார்க்கிறேன், காரணம் எதுவும் ஞாபகம் வரவில்லை, அதுதான் முதலில் தோன்றியிருக்கும்.

எட்டாம் வகுப்பில் ரெஜினா டீச்சர் வட்ட விளக்கப்படம் வரையச் சொன்னார், ஒரு ஊரில் என்னென்ன பயிர், எத்தனை ஏக்கர், அதை முந்நூற்று அறுபது டிகிரிக்கு மாற்றி, கவராயத்தால் வட்டம் போட்டு, பாகைமானியை வைத்துக் கோடு கிழிக்க வேண்டும், நெல், கரும்பு, வாழை, கடலை. நான் கிழித்துக்கொண்டே வந்தேன், கடைசியில் கடலைக்கு வரும்போது இரண்டு டிகிரி மிச்சம் கிடந்தது, எங்கேயோ கணக்கு இடித்திருக்கிறது, திரும்பப் போட நேரமில்லை, அந்த இரண்டு டிகிரியையும் கடலைக்கே கொடுத்துப் பழுப்புப் பென்சிலால் தீட்டிவிட்டேன். பத்துக்குப் பத்து. டீச்சர் நோட்டை உயர்த்திக் காட்டினார், பாருங்கடி எவ்வளவு சுத்தமா இருக்கு என்று. அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோனது, வட்டம் மூடியிருந்தால் உள்ளே யாரும் அளந்து பார்ப்பதில்லை. இப்போது பாகைமானி வேண்டாம், இரண்டு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்தால் அதுவே வட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது, நாம் உடுத்தி விட்டால் போதும். நடுவில் ஓட்டை வேண்டுமா, எத்தனை சதவீத ஓட்டை. எழுத்து உள்ளேயா வெளியேயா. விளக்கக் குறிப்பு மேலேயா வலது பக்கமா. முப்பரிமாணம் வேண்டுமா. முப்பரிமாணம் வைத்தால் தட்டைச் சாய்த்துப் பிடித்த மாதிரி ஆகி, முன்னால் இருக்கிற துண்டு பெருத்துத் தெரிகிறது, பின்னால் இருப்பது ஒடுங்கிப் போகிறது, இயந்திரப் பழுது பின்னால் போய் ஒல்லியாகிவிட்டது, சாருக்கு இது பிடிக்கும். வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். துண்டின் மேல் அம்பைக் கொண்டுபோனால் அது லேசாக மின்னிவிட்டுத் தன் எண்ணிக்கையைச் சொல்கிறது, இருபத்தொன்பது. இருபத்தொன்பது பேர் கவனமில்லாமல் இருந்திருக்கிறார்கள். அதில் ஒன்று அங்காளேஸ்வரி.

இருபத்தேழாம் வரிசை. நவம்பர் பத்தொன்பது, அங்காளேஸ்வரி, வயது இருபத்து நான்கு, டிராயிங் மெஷின் எண் எட்டு, பஞ்சுப் பட்டையை உருளைகளுக்கு நடுவில் இழுத்து நீட்டுகிற மெஷின், வலது கை, ஆள்காட்டி விரல் இரண்டு கணு, நடுவிரல் நுனி. காரணம்: கவனக்குறைவு. அந்தக் கட்டத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தினால், திருத்த வரலாற்றைக் காட்டு என்று ஒன்று இருக்கிறது, அதை எதற்காக அழுத்தினேனோ, சும்மா விரல் போனது, போயிருக்கக் கூடாது. ஜெசிந்தா, நவம்பர் பத்தொன்பது, காலை ஒன்பது பதினான்கு. விபத்து நடந்தது எட்டு நாற்பதுக்கு. முப்பத்து நான்கு நிமிஷம். ஆஸ்பத்திரிக்குப் போன மில் வேன் அப்போதுதான் வேடசந்தூர் தாண்டியிருக்கும், அந்தப் பெண் பின் சீட்டில் கையைப் பஞ்சில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பஞ்சுக்கா பஞ்சம் எங்கள் மில்லில், டாக்டர் இன்னும் பார்த்திருக்க மாட்டார், நான் இங்கே இந்த நாற்காலியில், டீயை ஆற வைத்துவிட்டு, அம்புக்குறியை அழுத்தி, முதலில் நின்றதைத் தொட்டிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. இத்தனை நாள் சார் சொல்லித்தான் செய்தேன் என்று உள்ளுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன், அதில் கொஞ்சம் சாய்ந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன், சார் அன்று ஊரிலேயே இல்லை, சேலத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், மறுநாள்தான் வந்தார். பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன், அங்கே அவள் வாக்குமூலத்தை எழுதியது என் கையெழுத்து, 'என் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்தேன், அவளிடம் கேட்டுத்தான் எழுதினேனா? மருந்து மயக்கத்தில் கண் சொருகிக் கிடந்தாள், அட்டையை நான் பிடித்துக்கொள்ள இடது கையால் பேரைக் கோணலாகப் போட்டாள். சாயங்காலம் போட்டோ எடுக்க எட்டாம் நம்பருக்குப் போனபோது பார்த்தேன், உருளைகளுக்கு மேல் இருக்க வேண்டிய மூடி இல்லை, மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நிற்கிற சுவிட்சை ஒரு கம்பியால் சுற்றி அமுக்கிக் கட்டியிருந்தது, மூடி இல்லாமலே ஓடட்டும் என்று. சூப்பர்வைசர் என்னைப் பார்த்துவிட்டு, "அத மாட்டிருவோம் மேடம், வேலையா கெடக்கு" என்றார். நான் மூடி இல்லாத பக்கம் விழாத மாதிரி நின்று போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோ நன்றாக வந்திருந்தது.

பட்டியலில் ஐந்தாவதாக ஒரு காரணம் சேர்த்தேன், மூடி இல்லாமை. சும்மா, எப்படி இருக்கும் என்று பார்க்க. இருபத்தேழாம் வரிசையில் அதைத் தேர்ந்தெடுத்ததும் வட்டம் ஒரு கணம் யோசித்துவிட்டு அசைந்தது, பச்சை அறுபத்தெட்டு புள்ளி மூன்றாகச் சுருங்கி, அதற்கும் இயந்திரப் பழுதுக்கும் நடுவில் மெல்லிய கீற்று ஒன்று விழுந்தது, இரண்டு புள்ளி நான்கு சதவீதம், பெயர் எழுதக்கூட இடமில்லாமல் ஒரு நூலிழை மாதிரி, இரண்டு விரலுக்கு அது சரியான அளவுதான் போலிருக்கிறது. அப்போது திரையின் மேல் மூலையில் ஒரு ஊதா வட்டம் வந்தது. தாமோதரன். ஷீட்டைத் திறந்திருக்கிறார். அவருடைய ஊதாக் கட்டம் முதல் வரிசையில் வந்து நின்றது, பிறகு நான்காம் வரிசைக்கு, ஒன்பதுக்கு, கீழே கீழே, அழித்தேன், ஒரே அழுத்தில் பழையபடி கவனக்குறைவு, எழுபது புள்ளி ஏழு. அவர் பார்த்தாரா? சாப்பிட்டுக்கொண்டே போனில் தள்ளியிருப்பார், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால்? பார்த்திருந்தால் என்ன கேட்பார், ஒன்றும் கேட்க மாட்டார், அவர் கத்துகிற மனிதர் இல்லை, கூப்பிட்டு உட்காரச் சொல்லி, மெர்லின் எப்படிப் படிக்கிறாள் என்று விசாரிப்பார். என் மகள் மெர்லினுக்கு ஆறு வயது, மில் குவார்ட்டர்சில் பத்தொன்பதாம் நம்பர் வீடு, மில் வேனில்தான் ஸ்கூலுக்குப் போகிறாள், அவள் அப்பா ஓமானிலிருந்து போன் செய்கிறபோதெல்லாம் கேட்பது, வீட்டுக்கு ஒன்னும் பிரச்சனையில்லையே என்பதுதான், வீடு என்றால் இந்த வேலை. வேலை போனால் திண்டுக்கல்லில் வீடு பார்க்க வேண்டும், ஸ்கூல் மாற்ற வேண்டும், அவள் புது இடத்தில் தூங்க மாட்டாள். இரண்டு விரல். அதுவும் போய்விட்ட விரல், நான் எந்தத் துண்டில் போட்டாலும் முளைக்கப் போவதில்லை. இப்படி எல்லாம் நியாயமாகத்தான் யோசிக்கிறேன், யோசிக்க யோசிக்க அந்த ஒன்பது பதினான்கு மட்டும் நகராமல் அங்கேயே நிற்கிறது. ஊதா வட்டம் மறைந்தது.

இரண்டு மணிக்குச் சங்கு. முதல் ஷிப்ட் வெளியே வருகிறது, இரண்டாவது உள்ளே போகிறது, டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ரேகை மெஷின் முன்னால் இரண்டு வரிசை, தலையெல்லாம் பஞ்சுத் தூசி, வெளியே வருகிறவர்களுக்கு வயது கூடினாற்போல் இருக்கும். அங்காளேஸ்வரி வந்தாள். தை பிறந்து வேலைக்குத் திரும்பியவளைக் கோன் பேக்கிங்கில், நூற்கண்டைப் பெட்டியில் அடுக்குகிற இடத்தில், போட்டிருக்கிறோம். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு இடது ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் வைத்தாள், அவளுடைய ரேகையை இடது கைக்கு மாற்றிப் பதிந்ததும் நான்தான், இன்னும் கொஞ்சம் அழுத்துமா, கொஞ்சம் அழுத்துமா என்று சொல்லிச் சொல்லி. இன்றைக்கு ஜன்னலைத் திறந்து கூப்பிட்டேன்.

"அங்கா, ஒரு நிமிஷம் இங்க வா."

"என்ன மேடம், லீவு எதும் தப்பாப் போட்டேனா?"

"இல்லடி. அன்னைக்கு, கை அடிபட்ட அன்னைக்கு, மூடி இருந்துச்சா?"

அவள் திரும்பி வரிசையைப் பார்த்தாள். ஜன்னல் கம்பிக்கு நெருங்கி வந்தாள். "எதுக்கு மேடம் இப்பக் கேக்குறீங்க?"

"சொல்லு."

"மூடிய தீபாவளிக்கு முந்தியே கழட்டிட்டாங்க. உருளையில பஞ்சு சுத்திக்கிட்டா ஒவ்வொரு வாட்டியும் மூடியத் தொறக்கணும், மெஷின் நிக்கும், திரும்ப ஓட நேரமாகும்னு. எல்லாருக்கும் தெரியுமே." குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "ஆனா நீங்க எதையும் மாத்திறாதீங்க மேடம். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கேன். பேக்கிங் நல்லாத்தான் இருக்கு, உக்காந்து பாக்குற வேலை. இதக் கிண்டி விட்டீங்கன்னா என்னையத்தான் சொல்லுவாங்க, இவதான் போயிச் சொல்லிட்டான்னு."

"உன் பேரு வராது."

"வராம எப்படி இருக்கும், போன விரலு என்னோடதுதான" என்று சொல்லிவிட்டு, அதை ஒரு குறையாகச் சொல்லாமல், வழி சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, நகரப் போனாள். நான் கேட்டேன், இத்தனை நாள் கேட்டிருக்க வேண்டியதை, அப்போதும் அரைமனதாகத்தான், ஆமாம் மாட்டியாச்சு என்று சொல்லிவிட மாட்டாளா என்ற ஆசையோடு கேட்டேன்.

"இப்ப மாட்டிட்டாங்கல்ல?"

"எங்க மாட்டுனாங்க. நம்ம சுகுணாதான் இப்ப எட்டாம் நம்பர் ஓட்டுது. அந்தா போகுது பாருங்க." உள்ளே போகிற வரிசையில் ஒட்டன்சத்திரத்துப் பெண், சேர்ந்து நான்கு மாதம், பத்தொன்பது வயது, சீப்பைக் கூந்தலில் செருகியபடி விரலை வைத்துவிட்டு, வணக்கம் மேடம் என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

ஜன்னலைச் சாத்தினேன். ஷீட்டில் மெஷின் எண் நெடுவரிசையின் தலையைத் தொட்டு வரிசைப்படுத்து என்றேன், இத்தனை மாதமாக இதைச் செய்யத் தோன்றவில்லை, பெயர் வாரியாக அடுக்கியிருக்கிறேன், தேதி வாரியாக, ஷிப்ட் வாரியாக, காரணம் வாரியாக. எட்டு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு. ஆறு வரிசை ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. வேறெந்த மெஷினுக்கும் மூன்றுக்கு மேல் இல்லை. நகம் பெயர்ந்தது, தோல் உரிந்தது, சதை நசுங்கியது, அங்காளேஸ்வரி, மறுபடி நகம், மறுபடி தோல், கடைசி தோல் ஜனவரி இருபத்தொன்பது, பெயர் சுகுணா, ஆக அவளுக்கும் ஒருமுறை ஆகியிருக்கிறது, நான்தான் பதிந்திருக்கிறேன், கவனக்குறைவு, மருந்து போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். ஆறையும் மாற்றலாம் என்று கை போனது. ஆறில் இரண்டு, தீபாவளிக்கு முன்னால் நடந்தவை, மே மாதம் ஒன்று, ஜூலையில் ஒன்று, அப்போது மூடி இருந்திருக்கும், தெரியாததை எழுதக்கூடாது, ஏற்கெனவே தெரியாததை எழுதித்தானே இந்த நிலை. நான்கு. நான்கை மட்டும் மாற்றினேன், ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் வட்டம் அசைந்து கொடுத்தது, பச்சை அறுபத்தொன்றுக்கு வந்தது, மூடி இல்லாமை ஒன்பது புள்ளி எட்டு, இப்போது பெயர் எழுத இடம் இருந்தது. நிறம் கேட்டது. சிவப்பு வைத்தேன். முப்பரிமாணத்தை எடுத்தேன், வட்டம் தட்டையாகப் படுத்தது. துண்டை நடுவிலிருந்து விலக்கி வைக்க ஒரு வழி இருக்கிறது, எத்தனை சதவீதம் விலக்க வேண்டும் என்று கேட்கும், அதையும் செய்யலாமா என்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டேன், இருப்பதே போதும். கூட்டிப் பார்த்தால் நூறு புள்ளி ஒன்று வருகிறது, தசமத்தை வெட்டும்போது நடக்கிறதுதான், சார் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், சார் இதையா கேட்கப் போகிறார். ஆய்வுக்கு வருகிறவருக்குக் காட்டப்போகிற ஸ்லைடில் பழைய வட்டம் அப்படியே இருந்தது, மூலையில் புதுப்பிக்கவா என்று ஒரு சின்னப் பொத்தான். ஷீட்டை மாற்றினாலும் அதை அழுத்தாத வரை ஒன்றும் ஆகாது, நான் மாற்றியதும் உண்மை, யாரும் பார்க்காததும் உண்மை, இரண்டும் சேர்ந்து நிம்மதியாக இருக்கலாம். சுகுணா இந்நேரம் மெஷின் முன்னால் நிற்பாள். சீப்பைக் கூந்தலிலிருந்து எடுத்திருப்பாளா? அழுத்தினேன்.

கோயம்புத்தூர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், காட்டன் புடவை, கழுத்தில் கண்ணாடிக் கயிறு, மாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், தண்ணீர் மட்டும் குடித்தார். நான் மடிக்கணினியோடு ஓரத்தில், திரையில் ஸ்லைடைத் தள்ளுவது என் வேலை. தாமோதரன் சார் திரையைப் பார்த்துப் பேசுகிறவர் இல்லை, கையில் அட்டை வைத்திருப்பார், வந்தவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார். வட்டம் வந்தது. எனக்கு ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது, அதற்குள்ளிருந்து அவர் குரல் வந்தது, விபத்துகளில் எழுபது புள்ளி ஏழு சதவீதம் தொழிலாளர்களின் கவனக்குறைவால் மேடம், அதனால்தான் இந்த வருஷம் பன்னிரண்டு விழிப்புணர்வு வகுப்பு நடத்தியிருக்கோம், படமெல்லாம் பின்னால வருது. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார், நிதானமாக.

"எழுபதுங்கிறீங்க. இங்க அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கே."

சார் திரும்பினார். அவர் கண் நேராகச் சிவப்புக்குத்தான் போனது. பிறகு என்னிடம் வந்தது. "ஜெசிந்தா, என்னம்மா இது, தப்பா ஏறியிருக்கா?" அந்தக் குரலில் கோபம் இல்லை, ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற குரல், ஆமா சார் என்று ஒரு சொல், ஆமா சார் பழைய ஃபைல் சார் என்றால் நான் அதன் வழியாக வெளியே போய்விடலாம், பத்தொன்பதாம் நம்பர் வீட்டுக்கு, வேனுக்கு, எல்லாம் இருந்தபடி. சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன். இன்னும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"தப்பு இல்ல சார். ரெண்டு மணிக்கு நான்தான் மாத்தினேன். முன்னாடி போட்டதுதான் தப்பு. அதையும் நான்தான் போட்டேன். எட்டாம் நம்பர் டிராயிங்ல நாலு பேருக்கு அடிபட்டது மூடி இல்லாததால."

அந்த அம்மா என்னைப் பார்த்து, "இப்ப மூடி இருக்காம்மா?" என்றார்.

"இல்ல மேடம்."

"மெஷின் ஓடுதா?"

"ஓடுது."

அவர் பேனாவை மூடினார். "மிச்ச ஸ்லைடு அப்புறம் பாத்துக்கலாம் சார். முதல்ல அங்க போவோம்."

போகிற வழி முழுவதும் சார் எனக்கு முன்னால் நடந்தார், சட்டையின் முதுகு ஈரமாக இருந்தது, அவருக்கும் ஒரு மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவருக்கும் மேலே முதலாளி இருக்கிறார், ஒரு மணி நேரம் மெஷின் நின்றால் ஏன் என்று கேட்கிற போன் அவருக்குத்தான் வரும், இதெல்லாம் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே தோன்றியது, இரக்கம் என்று இல்லை, பயந்த இரண்டு பேர் ஒரே பாதையில் போகிறோம் என்று. எட்டாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் போய் நின்றபோது சுகுணா உருளையில் சுற்றிக்கொண்ட பஞ்சைக் குனிந்து பிய்த்துக்கொண்டிருந்தாள், ஓடுகிற உருளையில், ஆள்காட்டி விரலால், பழகிய கை. அந்த அம்மா மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானைத் தேடி அவரே அழுத்தினார். கம்பி சுற்றிய சுவிட்சைப் போனில் படம் எடுத்தார். மூடி எங்கே என்று கேட்டார், அரை மணி கழித்து ஃபிட்டர் ஸ்டோருக்குப் பின்னாலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார், மேலே ஒரு விரற்கடைக்குத் தூசி, ஒரு திருகாணி மட்டும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. அவ்வளவுதான். ஒரு திருகாணி.

அந்த அம்மா ஐந்தரைக்குக் கிளம்பினார், என்ன எழுதிக்கொண்டு போனார் என்று எனக்குத் தெரியாது. காரில் ஏற்றிவிட்டுத் திரும்பிய சார் டைம் ஆபீஸ் வாசலில் நின்றார், இந்த முறையும் உள்ளே வரவில்லை. "காலையில பத்து மணிக்கு ரூமுக்கு வாங்கம்மா, பேசுவோம்" என்றார். மெர்லினைப் பற்றி விசாரிக்கவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து ஷீட்டைத் திறந்தேன், ஒரு எழுத்துப் பிழை பார்த்தது ஞாபகம், அதைத் திருத்தலாம் என்று, கட்டத்தைத் தொட்டால் திறக்கவில்லை, மேலே பார்வைக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. நான் கட்டம் பிரித்த ஷீட். ஊதா வட்டம் இருந்தது. ஊதாக் கட்டம் அங்காளேஸ்வரியின் வரிசைக்குப் போய் நின்றது, மூடி இல்லாமை கவனக்குறைவு ஆனது. அடுத்தது. அடுத்தது. அவர் அவசரப்படவில்லை. நான்காவதும் ஆனதும் சிவப்புத் துண்டு இல்லாமல் போய், பச்சை பழைய இடத்துக்கு வந்து மூடிக்கொண்டது, எழுபது புள்ளி ஏழு. அழுகை வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன், வரவில்லை, கைகால் மட்டும் காய்ச்சல் விட்ட மாதிரி லேசாக இருந்தது. நாளை பத்து மணிக்கு என்ன சொல்வேன், வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் கொடுப்பார்கள், அங்காளேஸ்வரியின் பேர் எங்கேயும் வரவில்லை, வந்ததா, நாலு பேர் என்றுதானே சொன்னேன், அதில் அவள் இருப்பது எல்லாருக்கும் தெரியுமே, அவள் கேட்டுக்கொண்டதை நான் செய்யவில்லை, அவளிடம் நாளை ஜன்னலில் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது. மடிக்கணினியை மூடினேன். வீட்டுக்குப் போகிற வழியில் டிராயிங் பக்கம் போக வேண்டிய அவசியமில்லை. போனேன்.

எட்டாம் நம்பர் மூடியோடு ஓடிக்கொண்டிருந்தது. சுகுணா என்னைக் கண்டதும் காதுக்குள் வைத்திருந்த பஞ்சை எடுத்தாள்.

"நீங்கதான் சொன்னீங்களாம்ல மேடம். இத மாட்டுனதுல இருந்து டார்கெட் போச்சு. பஞ்சு சுத்துனா நிக்குது, தொறந்தா நிக்குது, மூடுனாத்தான் ஓடுது. இன்னைக்கு எனக்குத் திட்டு நிச்சயம்."

"திட்டுனா என் பேரச் சொல்லு."

"உங்க பேரச் சொன்னா இன்னும் கூடத்தான் திட்டுவாங்க" என்றாள், வெடுக்கென்று இல்லாமல், உள்ளதைச் சொல்கிற மாதிரி. அதற்குள் உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டது. சலித்துக்கொண்டே மூடியைத் தூக்கினாள். மெஷின் நின்றது. சுற்றிலும் மற்ற மெஷின்களின் இரைச்சல் இருந்தும் அந்த ஒன்று நின்றது தனியாகக் கேட்டது. அவள் கையை உள்ளே விட்டாள், மணிக்கட்டு வரைக்கும், மேலும் கீழும் துழாவி, இறுகிப்போன பஞ்சைத் திருகி எடுத்து வெளியே போட்டாள், இன்னொரு முறை விட்டு ஒட்டியிருந்ததைத் துடைத்தாள், கையை எடுத்தாள், பாவாடையில் தட்டினாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்ன மேடம் பாக்குறீங்க?"

"ஒன்னுமில்ல. நீ ஓட்டு."

மூடியைச் சாத்தினாள். மெஷின் ஓடத் தொடங்கியது.